புகாருக்கு ஒரே முகவரி: யூதர்களின் கடவுளும் எலிஷா பென் அபூயாவும்

நம் இலக்கியப் பேச்சில் ‘செமிட்டிக் மதங்கள்’ என்றொரு சொற்றொடர் ரொம்ப காலமாகப் புழங்குகிறது. ஒரே கடவுள், ஒரே நூல், ஒரே வழி, மற்றதெல்லாம் பொய் என்று ஒரு சூத்திரம் மாதிரி சொல்லி, மூன்று மதங்களையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள். எதிர்த்தரப்பும் அதே சாக்கைத்தான் தூக்குகிறது. ஒரே கடவுள் என்றால் சமத்துவம், பல கடவுள் என்றால் சாதி என்று அவர்களுக்கு ஒரு சூத்திரம். இரண்டு தரப்புக்குமே ‘ஒன்று’ என்பது ஓர் எண்ணிக்கை. மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்கிற தலைக்கணக்கு.

இதற்குப் பின்னால் கனமான ஆய்வும் இருக்கிறது, மறுக்கவில்லை. எகிப்தியவியலாளர் யான் அஸ்மன் 1997இல் வெளிவந்த ‘எகிப்தியனான மோசே’ என்ற நூலில், மெய்க்கடவுள் - பொய்க்கடவுள் என்ற பிரிவினையை மோசேயின் பெயரோடு இணைத்துப் பேசினார். பாகாலின் தீர்க்கதரிசிகளை எலியா வெட்டிக் கொல்லும் கதை யூத வேதத்தில் இருக்கிறது. கானான் நகரங்களை அழிக்கச் சொல்லும் கட்டளைகளும் இருக்கின்றன. இவற்றுக்குச் சப்பைக்கட்டு கட்டுவது என் வேலை இல்லை.

ஆனால் ஒரு வாசகனாக இந்த நூல்களுக்குள் போகும்போது என்னை நிறுத்துவது வேறொன்று. அங்கே ‘ஒன்று’ என்பது, புகார் கொடுக்க இன்னொரு இடம் இல்லை என்பது. குழந்தை செத்துப்போகிறது. ஊர் எரிகிறது. யாரைக் கேட்பது? கெடுதல் செய்ய ஒரு தெய்வம், காப்பாற்ற ஒரு தெய்வம் என்று பிரித்துக்கொண்டால் மனசுக்குக் கொஞ்சம் காற்று வரும். இவர்கள் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கொடுத்தவனும் அவன்தான், எடுத்தவனும் அவன்தான், வழக்கை விசாரிக்கப்போகிறவனும் அவனேதான். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எழுதிய இலக்கியம் எப்படி இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

யூதர்கள் தினம் இருமுறை சொல்லும் ‘ஷெமா’விலிருந்து தொடங்கலாம். உபாகமம் ஆறாம் அதிகாரத்தின் நான்காம் வசனம். இஸ்ரவேலைக் கேட்கச் சொல்லி, கர்த்தர் ஒருவரே என்று அறிவிக்கும் ஆறு எபிரேயச் சொற்கள். முதல் சொல் ‘ஷெமா’, அதாவது கேள். கடைசிச் சொல் ‘எஹாத்’, ஒன்று. தோரா சுருளை எழுதுகிறவர்கள் இந்த வசனத்தில் இரண்டு எழுத்துகளை மட்டும் பெரிதாக எழுதுவார்கள். ஷெமாவின் கடைசி எழுத்தான அயின், எஹாத்தின் கடைசி எழுத்தான தாலெத். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ‘எத்’ என்று ஒரு சொல் வரும். சாட்சி என்று பொருள். அதைச் சொல்கிறவன் சாட்சிக் கூண்டில் ஏறுகிறான் என்று விளக்கம் சொன்னார்கள்.

இன்னொரு விளக்கம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. எபிரேயத்தில் தாலெத்தும் ரேஷும் கிட்டத்தட்ட ஒரே எழுத்து. தாலெத்தின் மேல்கோடு வலது பக்கம் மூலை விட்டு லேசாக நீண்டிருக்கும், ரேஷ் வளைந்து இறங்கிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். தோரா சுருளில் உயிர்க்குறிகளும் கிடையாது. எஹாத் என்பதில் தாலெத்தின் மூலை மழுங்கிப் போனால் அது ‘அஹேர்’ ஆகிவிடும். அஹேர் என்றால் வேறொருவன், மற்றவன். கர்த்தர் ஒருவர் என்பது கர்த்தர் வேறொருவர் என்றாகிவிடும். அதனால்தான் அந்த தாலெத் பெரிது. யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில், வேறு தெய்வத்தை வணங்கக் கூடாது என்று வரும் இடத்தில், ‘அஹேர்’ என்ற சொல்லின் ரேஷைப் பெரிதாக எழுதுவார்கள். அங்கே அது தாலெத்தாகிவிடக் கூடாதே. ஷெமாவில் தாலெத்தை ரேஷ் ஆக்கினால் உலகமே அழிந்துபோகும் என்று ஒரு பழைய மித்ராஷ் மிரட்டுகிறது.

ஓலைச்சுவடியோடு பழகியவர்களுக்கு இந்தப் பயம் புரியும். புள்ளி இருக்காது, ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேற்றுமை தெரியாது, பாடம் மாறினால் பொருளே மாறிவிடும். நமக்கு அது பதிப்பாசிரியரின் தலைவலி. அவர்களுக்கு அது இறையியல்.

ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவே ஒரு பேனா முனையளவு தூரம்தான் என்பதை அந்த எழுத்தர்கள் அறிந்திருந்தார்கள். ரபிகள் இந்த மற்றதை ‘இரண்டு அதிகாரங்கள்’ என்று குறிப்பிட்டார்கள். வானத்தில் இரண்டு அதிகாரங்கள் உண்டு என்று நினைப்பதுதான் அவர்களுடைய அகராதியில் பெரிய விபரீதம். ஆலன் சீகல் என்ற அறிஞர் 1977இல் இதைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஒரு விதி வருகிறது. தொழுகையை நடத்துகிறவன் ‘நன்றி சொல்கிறோம், நன்றி சொல்கிறோம்’ என்று இரட்டித்துச் சொன்னால் அவனை வாயை மூடச் சொல்ல வேண்டுமாம். பாவம், மனுஷன் உணர்ச்சிவசப்பட்டு ரெண்டு தடவை சொல்லியிருப்பான். ஆனால் கேட்கிறவனுக்கு இரண்டு பேருக்கு நன்றி சொன்ன மாதிரி ஆகிவிடும். நல்லதுக்காக உன் பெயர் நினைக்கப்படட்டும் என்று சொன்னாலும் அதே தண்டனைதான். நல்லதுக்கு மட்டும் நீ என்றால், கெட்டதுக்கு யார் என்ற கேள்வி வந்துவிடும் இல்லையா?

அதே மிஷ்னா இன்னும் ஒரு படி போகிறது. நல்ல செய்தி வந்தால் ஓர் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும். கெட்ட செய்தி வந்தாலும் ஆசீர்வாதம் சொல்லியே ஆக வேண்டும். மெய்யான நீதிபதி போற்றப்படட்டும் என்று. இன்றுவரை சாவுச் செய்தி கேட்டதும் யூதர்கள் சொல்வது அதுதான். இதைப் பணிவு என்று படிக்கலாம். எனக்கு அது பணிவாகப் படவில்லை. நெஞ்சில் அடி விழுந்த அந்த நொடியில், அடித்தது யார் என்று பெயர் சொல்வது போல இருக்கிறது.

ஏசாயாவின் 45ஆம் அதிகாரம் பாரசீக அரசன் கோரேசைப் பார்த்துப் பேசுவதாக அமைந்தது. அதில் கடவுள், ஒளியை உருவாக்குவதும் இருளைப் படைப்பதும் தானே, சமாதானத்தை உண்டாக்குவதும் தீங்கைப் படைப்பதும் தானே என்று சொல்கிறார். தீங்கு என்பதற்கு அங்கே வரும் எபிரேயச் சொல் ‘ரா’. தயவு தாட்சண்யம் இல்லாத சொல். இந்த வசனம் யூதர்களின் காலைத் தொழுகைக்குள் வந்தபோது கடைசிப் பகுதியை மாற்றிவிட்டார்கள். தீங்கைப் படைப்பவர் என்பது ‘எல்லாவற்றையும் படைப்பவர்’ என்று ஆகிவிட்டது. கேட்பதற்கு நயமாக இருக்கட்டும் என்று தல்மூத்தே காரணம் சொல்கிறது. ஒளித்து வைக்கவில்லை, திருத்தியதைத் திருத்தினோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ‘எல்லாவற்றையும்’ என்று சொல்கிறவனுக்கு, அந்த இடத்தில் முதலில் என்ன இருந்தது என்று தெரியும். ஒரு மதத்தின் மன உளைச்சலைப் பார்க்க அந்த ஒரு சொல் போதும்.

யோபுவின் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டி முழக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம். அந்த நூலின் தொடக்கத்தில் சாத்தான் வருகிறான், கடவுளோடு பந்தயம் கட்டுகிறான். முடிவில் அவன் இல்லை. ஆள் எங்கே போனான் என்று நூலாசிரியர் கவலைப்படவும் இல்லை. நடுவில் இருக்கிற அத்தனை அதிகாரங்களிலும் யோபு ஒரு தடவைகூட சாத்தானைக் குற்றம் சாட்டுவதில்லை. அவனுக்கு அப்படி ஒருவன் இருப்பதே தெரியாது. அவன் விரல் நீள்வது ஒரே திசையில். ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியில் அவனுக்கு ஒரு ஏக்கம் வருகிறது. எங்கள் இருவர் மேலும் கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் இல்லையே என்று. நூல் முழுக்க எனக்கு மிகவும் தனிமையாகத் தெரிகிற இடம் அது. பிரதிவாதியும் நீதிபதியும் ஒருவரே ஆகிப்போன வழக்கில் மாட்டிக்கொண்டவனின் புலம்பல். அவனுக்கு இரண்டாவதாக ஒருவர் வேண்டும், ஆனால் இல்லை. கடைசி அதிகாரத்தில் உறவுக்காரர்கள் வந்து துக்கம் விசாரிக்கும்போது, கர்த்தர் அவன்மேல் வரப்பண்ணிய தீங்குக்காக ஆறுதல் சொன்னார்கள் என்றே நூல் எழுதுகிறது. எல்லாம் திரும்பக் கிடைத்த பிறகும் பழி அதே பெயரின் மேல்தான் இருக்கிறது.

இந்தச் சண்டை தமிழில் வேறு மாதிரி கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எபிரேயத்தில் ‘நீ’ ஒன்றுதான். மரியாதைப் பன்மை கிடையாது. வேலைக்காரனுக்கும் அரசனுக்கும் கடவுளுக்கும் ஒரே ‘அத்தா’. நம் விவிலியத்தில் யோபு கடவுளிடம் பேசும்போது ‘நீர்’, ‘தேவரீர்’. கடவுள் யோபுவிடம் பேசும்போது ‘நீ’. சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசும்போதும் அப்படித்தான். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை விடுவாயா என்று தொடங்கி நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று காய்கறிக் கடையில் நிற்கிற மாதிரி இறக்கிக்கொண்டே வருகிறான் மனுஷன். ‘நீர்’ என்ற ஒற்றைச் சொல் அந்தப் பேரத்தைத் தர்பார் விண்ணப்பமாக்கிவிடுகிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை, தமிழில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் இத்திஷ் மொழிக்கு வழி இருந்தது. அதில் மரியாதை ‘நீங்கள்’ தனியாக உண்டு. இருந்தும் 1809இல் மறைந்த பெர்டிச்செவ் ஊரின் ரபி லேவி யித்ஸ்ஹாக் பெயரில் வழங்கும் புகழ்பெற்ற பாட்டு, கடவுளை ‘நீ’ என்றே அழைத்து அவர்மேல் வழக்குத் தொடுக்கிறது. பால் ராப்சன் அதைப் பாடியிருக்கிறார். கேட்டுப் பாருங்கள், ஆராதனையா அதட்டலா என்று சொல்ல முடியாது.

சரி, நான் பேச வந்த ஆளுக்கு வருகிறேன்.

எலிஷா பென் அபூயா. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்த காலத்தை ஒட்டிப் பிறந்தவர் என்று கருதப்படுகிறார். ரபி அகிவாவின் சமகாலத்தவர், பெரிய அறிஞர். யூத நினைவில் அவர் பெயர் எலிஷா அல்ல, அஹேர். மற்றவன். அந்த மழுங்கிய தாலெத்தை ஒரு மனிதனுக்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். இது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் அந்த இரண்டு சொற்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

பெயர் வந்த கதையைப் பாபிலோனியத் தல்மூத்தின் ‘ஹகிகா’ பகுதி சொல்கிறது. மதத்தை விட்டு வெளியேறிய எலிஷா ஒரு விலைமகளிடம் போகிறார். நீங்கள் எலிஷா பென் அபூயா இல்லையா என்று அவள் திகைக்கிறாள். அன்று ஓய்வுநாள். செடியைப் பிடுங்கக் கூடாது. எலிஷா பாத்தியிலிருந்து ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி அவள் கையில் கொடுக்கிறார். இவர் வேறொருவர் என்கிறாள் அவள். பேர் ஒட்டிக்கொண்டது. மதபீடம் கூடித் தீர்மானம் போட்டு வைத்த பெயரில்லை. ஒரு முள்ளங்கியும் ஒரு பெண்ணின் ஏமாற்றமும் வைத்த பெயர். இந்த மாதிரி இடங்களில்தான் தல்மூத்தைச் சட்டநூல் என்று மட்டும் சொல்லிவிட முடியாமல் போகிறது.

அவர் ஏன் வெளியேறினார்? தல்மூத் ஒரு காரணத்தோடு நிற்கவில்லை. கிரேக்கப் பாட்டு அவர் வாயை விட்டு அகலவில்லை என்கிறது, எழுந்தால் மடியிலிருந்து விலக்கப்பட்ட புத்தகங்கள் விழும் என்கிறது. (இந்த இரண்டாவது வர்ணனைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.) முக்கியமான காரணங்கள் இரண்டு.

முதலாவது ஒரு தரிசனம். நான்கு பேர் ‘பர்தேஸ்’ என்ற தோப்புக்குள் நுழைகிறார்கள். பென் அசாய் பார்த்துச் செத்துப்போகிறார். பென் சோமாவுக்குச் சித்தம் கலங்குகிறது. அகிவா சுகமாகத் திரும்புகிறார். எலிஷா செடிகளை வெட்டிவிடுகிறார். அப்படி என்ன பார்த்தார்? மெத்தத்ரோன் என்ற தேவதூதன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இஸ்ரவேலின் புண்ணியங்களை எழுதுவதற்காக அவனுக்கு உட்கார அனுமதி தரப்பட்டிருந்தது. மேலுலகில் யாரும் உட்காரக் கூடாது என்பதுதான் எலிஷா படித்தது. உட்கார்ந்திருப்பவனைக் கண்டதும் ஐயோ, இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றனவோ என்று நினைத்துவிட்டார். ஆபீசில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவை இன்னொரு முதலாளி என்று நினைத்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டு போகலாம். அடுத்து நடப்பது சிரிப்பாக இல்லை. மெத்தத்ரோனை வெளியே கூட்டிவந்து அறுபது நெருப்புச் சாட்டையடி கொடுக்கிறார்கள், அவரைப் பார்த்ததும் நீ ஏன் எழுந்து நிற்கவில்லை என்று. பிறகு அந்தத் தூதனுக்கே எலிஷாவின் புண்ணியங்களை அழித்துப்போட அனுமதி கிடைக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது, வழிதவறிய பிள்ளைகளெல்லாம் திரும்பி வரலாம், அஹேரைத் தவிர.

ஒரே கடவுள் என்று நிலைநாட்ட வந்த கதை இது. ஆனால் கதையில் அந்த ஒரே கடவுள் நன்றாகவா தெரிகிறார்? அடிபடுகிறவன் தேவதூதன், கதவு சாத்தப்படுவது பார்த்ததை நம்பியவனுக்கு. கதையைத் தொகுத்தவர்கள் இதை மெழுகிப் பூசவில்லை.

இரண்டாவது காரணம் ஒரு சிறுவன். தோராவில் இரண்டு கட்டளைகளுக்கு நீடித்த ஆயுள் பரிசாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தாய் தகப்பனை மதிப்பது ஒன்று. கூட்டிலிருந்து குஞ்சையோ முட்டையோ எடுக்கும்போது தாய்ப்பறவையை முதலில் விரட்டிவிடுவது இன்னொன்று. ஒரு தகப்பன் மகனிடம், மாடத்தில் ஏறிக் குஞ்சுகளை எடுத்து வா என்கிறான். பையன் ஏறுகிறான், தாய்ப்பறவையை விரட்டுகிறான், குஞ்சுகளை எடுக்கிறான். ஒரே செயலில் இரண்டு கட்டளையும் நிறைவேறிவிட்டது. இறங்கும்போது விழுந்து சாகிறான். இவனுடைய நல்வாழ்வு எங்கே, இவனுடைய நீண்ட ஆயுள் எங்கே என்று தல்மூத் கேட்கிறது. எலிஷா இதைப் பார்த்தார் என்கிறார்கள் சிலர். இல்லை, பேசுவதற்கென்றே இருந்த ஓர் அறிஞரின் நாக்கைப் பன்றி ஒன்று புழுதியில் இழுத்துப்போவதைப் பார்த்தார் என்கிறார்கள் வேறு சிலர்.

இந்த இரண்டு காரணங்களும் தனித்தனி மரபுகளிலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுவார்கள். பிரிக்கட்டும். வாசிக்கிறவனுக்கு அவை ஒரே காரணமாகத்தான் சேர்கின்றன. அந்தப் பையன் விழுவதைப் பார்த்தவனுக்கு மேலே இரண்டு பேர் தெரிவதில் என்ன அதிசயம்? ஆயுள் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் ஒருத்தன், ஏணியிலிருந்து தள்ளிவிட்டவன் இன்னொருத்தன். இரண்டு அதிகாரங்கள் என்பது ஒரு தத்துவப் பிழையாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. கடவுளைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்க ஒரு மனிதன் எடுத்த கடைசி முயற்சியாகவும் தெரிகிறது. அவன் செய்திருக்க மாட்டான், வேறு யாரோ என்று. அஹேர்.

அந்தப் பையனின் கதைக்குத் தல்மூத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. பதில் சொல்பவர் ரபி யாக்கோபு. நீடித்த ஆயுள் என்பது இந்த உலகத்தைப் பற்றிய பேச்சே இல்லை, முழுக்க நீண்டதான, முழுக்க நல்லதான வரும் உலகத்தைப் பற்றியது என்கிறார். அதன் கீழே ராவ் யோசேப்பு என்பவர் ஒரு குறிப்பைப் போகிற போக்கில் போடுகிறார். தன் மகள் வயிற்றுப் பேரனான ரபி யாக்கோபு மாதிரி அந்த வசனத்தைப் படித்திருந்தால் அஹேர் பாவம் செய்திருக்க மாட்டார் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொன்னவர் அஹேரின் பேரன்! தாத்தாவை உடைத்த கேள்விக்குப் பேரன் உட்கார்ந்து விடை எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்த விடை எனக்குப் போதவில்லை. கணக்கு இங்கே சரியாகவில்லை என்றால் இன்னொரு உலகத்தில் சரியாகும் என்பதும், ஒரு வகையில் இரண்டாவது முகவரிதானே. இரண்டு கடவுள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு உலகம் வைத்துக்கொள்கிறோம். யோபுவின் நூலில் இந்த வசதி இல்லை, அதனால்தான் அது இன்னும் சுடுகிறது. தாத்தாவின் கேள்வியையும் பேரனின் பதிலையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு விலகிக்கொண்ட தொகுப்பாளர்களைத்தான் நான் நம்புகிறேன்.

அகிவாவையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். தோப்பிலிருந்து சுகமாகத் திரும்பியவர். ரோமானியர் அவரை இரும்புச் சீப்புகளால் தோலுரித்துக் கொன்றார்கள். ஷெமா சொல்ல வேண்டிய நேரம். ‘எஹாத்’ என்ற சொல்லை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே உயிர் விட்டார் என்கிறது தல்மூத். இது தியாகியின் கதை. ஆனால் வேறொரு பகுதியில் மோசேக்கு எதிர்காலம் காட்டப்படுகிறது. அகிவாவின் அறிவைக் கண்டு வியந்த மோசே, இவருக்குக் கிடைக்கும் பரிசைக் காட்டும் என்கிறார். இறைச்சிக் கடையில் அகிவாவின் சதையை நிறுத்துக்கொண்டிருப்பதைக் காட்டுகிறார்கள். இதுதான் தோரா, இதுதான் அதற்குப் பரிசா என்று மோசே கதறுகிறார். கடவுளின் பதில், சும்மா இரு என்பதுதான். என் எண்ணத்தில் அப்படி எழுந்தது, அவ்வளவே. மோசேயின் கேள்வியும் எலிஷாவின் கேள்வியும் ஒன்றுதான். ஒருவர் தீர்க்கதரிசியாகவே இருக்கிறார், இன்னொருவர் அஹேர் ஆகிவிட்டார்.

மில்டன் ஸ்டைன்பெர்க் எலிஷாவைப் பற்றி 1939இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். ‘அடித்துச் செல்லப்படும் இலை போல’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். தலைப்பு யோபுவிலிருந்து எடுத்தது. ஸ்டைன்பெர்க் நியூயார்க்கில் ரபியாக இருந்தவர், 1950இல் நாற்பத்தாறு வயதில் இறந்துபோனார். அமெரிக்க யூத இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நாவலைப் படித்திருக்கிறார்கள். ஏன் என்று புரிகிறது. வீட்டுக்குள் மதம், வெளியே விஞ்ஞானம் என்று இழுபடுகிற எவனுக்கும் அதில் வரும் எலிஷா அண்ணன் மாதிரி. யூக்ளிடின் வடிவியலைப் போல அசைக்க முடியாத ஒரு அடித்தளத்தை நம்பிக்கைக்குப் போட முடியாதா என்று தேடிப்போகிறான். கடைசியில் யூக்ளிடும் நிரூபிக்கப்படாத எடுகோள்களின் மேல்தான் நிற்கிறார் என்று கண்டுகொள்கிறான்.

நாவல் நன்றாகவே ஓடுகிறது. என் மனக்குறை, ஸ்டைன்பெர்க் எலிஷாவை ரொம்ப நாகரிகமாக்கிவிட்டார் என்பது. அவருடைய எலிஷாவுக்கு உறுதிப்பாடு வேண்டும், நிரூபணம் வேண்டும். தல்மூத்தின் எலிஷா நிரூபணம் கேட்டவரில்லை. அவருக்குக் கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகமே வரவில்லை, எத்தனை பேர் என்பதில்தான் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் ‘நம்பிக்கையா, பகுத்தறிவா’ என்ற கேள்வியை நாவல் இரண்டாம் நூற்றாண்டின் தலையில் வைக்கிறது. மெத்தத்ரோனின் நாற்காலி ஓரங்கட்டப்படுகிறது. அந்த நாற்காலி இல்லாமல் அஹேர் இல்லை என்பது என் எண்ணம்.

எலீ வீசலின் ‘கடவுளின் மீதான வழக்கு’ நாடகம் இந்த மரபுக்கு இன்னும் கிட்டே வருகிறது. 1979இல் வெளிவந்தது. ஆஷ்விட்ஸ் முகாமில், கற்றறிந்த மூன்று பேர் கடவுளை விசாரித்ததைச் சிறுவனாகப் பார்த்ததாக வீசல் சொல்லியிருக்கிறார். நாடகத்தில் களம் 1649ஆம் ஆண்டு, யூதர்கள் கொன்று குவிக்கப்பட்ட பிறகு ஷம்கொரோட் என்ற ஊரின் சத்திரம். பூரிம் பண்டிகைக்காக வந்த நாடோடி நடிகர்களை வைத்துக் கடவுளுக்கு எதிராக வழக்கு நடத்துகிறான் மகளைச் சிதைக்கக் கொடுத்த சத்திரக்காரன். கடவுள் தரப்பில் வாதாட யாரும் முன்வரவில்லை. ஒரு அந்நியன் வருகிறான். அழகாக, ஓட்டையே இல்லாமல் வாதாடுகிறான். கடைசியில் முகமூடி போடும்போது தெரிகிறது, அவன் சாத்தான்.

கடவுளுக்காக நேர்த்தியாகப் பேசுகிறவனை நம்பாதே என்பது யோபுவின் நண்பர்களிடமிருந்தே வருகிற பாடம். அவர்கள் சொன்னதெல்லாம் சரியான இறையியல், ஆனாலும் கடவுள் கோபப்படுவது அவர்கள்மேல்தான், சண்டை போட்ட யோபு சரியாகப் பேசினான் என்கிறார். வீசல் அதை நன்றாகப் பிடித்திருக்கிறார். ஆனால் அந்த முகமூடி எனக்கு ஒரு நாடகத் தந்திரமாகவே இருக்கிறது. சாத்தானை மேடைக்குக் கொண்டுவந்த உடனே பார்வையாளன் மூச்சு விட்டுக்கொள்கிறான், ஓ, இவன்தானா என்று. அதுவரை நம்மை அழுத்திக்கொண்டிருந்த கேள்வி வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. யோபுவை எழுதியவர் சாத்தானைக் கடைசி வரை திரும்பக் கூப்பிடவில்லை என்பதன் அருமை, இந்த நாடகத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது.

அஹேருக்குக் கடைசி வரை ஒரு மாணவர் இருந்தார், ரபி மெயிர். மாதுளையைக் கண்டெடுத்து உள்ளே இருப்பதைத் தின்று தோலை எறிந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ஓர் ஓய்வுநாளில் எலிஷா குதிரைமேல் போகிறார். அதுவே மீறல். பின்னால் மெயிர் நடந்துகொண்டே பாடம் கேட்கிறார். ஓய்வுநாளில் ஊரெல்லையிலிருந்து இரண்டாயிரம் முழத்துக்கு மேல் நடக்கக் கூடாது என்று சட்டம். ஓரிடத்தில் எலிஷா நிறுத்தி, மெயிர், நீ திரும்பிப் போ, குதிரையின் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தேன், உன் எல்லை இதுவரைதான் என்கிறார். தான் மீறும் சட்டத்தை மாணவனுக்காக எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். நீங்களும் திரும்பிவிடுங்கள் என்கிறார் மெயிர். திரைக்குப் பின்னால் கேட்ட குரலைத்தான் பதிலாகச் சொல்கிறார் எலிஷா. ஸ்டைன்பெர்க்கின் நாவலிலும் இந்தக் காட்சி உண்டு. ஆனால் தல்மூத்தின் நாலு வரிக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது.

எலிஷா செத்த பிறகு மேலே சிக்கல். தோரா படித்தவரை நரகத்தில் போட்டுத் தண்டிக்கவும் முடியாது, பாவம் செய்தவரை வரும் உலகத்துக்குள் விடவும் முடியாது. இப்படி அந்தரத்தில் தொங்குவதைவிட தண்டிக்கப்பட்டாவது உள்ளே போகட்டும் என்கிறார் மெயிர். நான் செத்ததும் அவர் கல்லறையிலிருந்து புகை எழச் செய்வேன் என்கிறார். அப்படியே மெயிர் இறந்ததும் புகை எழுந்தது. பின்னால் வந்த ரபி யோஹனான், குருவை எரிப்பது பெரிய வீரமா, நான் செத்தால் அந்தப் புகையை அணைப்பேன் என்றார். அவர் செத்த அன்று புகை நின்றது. நரகத்தின் வாயிற்காவலனாலும் உங்கள் முன் நிற்க முடியவில்லை என்று இரங்கல் உரையில் யாரோ சொன்னார்களாம்.

அஹேரின் மகள் ஒருநாள் ரபி யூதா ஹநாசியிடம் வந்து சோறு கேட்டாள். மிஷ்னாவைத் தொகுத்தவர், அன்றைய யூதர்களின் தலைவர். நீ யார் மகள் என்றார். அஹேரின் மகள் என்றாள். அவனுடைய வித்து இன்னும் உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார் அந்தப் பெரிய மனிதர். அவர் செய்ததை நினைக்காதீர்கள், அவர் படித்ததை நினையுங்கள் என்றாள் அவள். உடனே வானத்திலிருந்து நெருப்பு இறங்கி ரபி உட்கார்ந்திருந்த பலகையைப் பொசுக்கியது. அவர் அழுதார்.